தானியங்கு அறிவிப்பாளர் (பொறுப்பு)

முனிராஜ் இந்தக் கதையை முதன்முதலில் சொல்லிப் பல வருஷம் ஆகிறது. அத்தனை வருஷமும் இதை நம்புவதா வேண்டாமா என்று தடுமாறியபடியே இருந்திருக்கிறேன். இப்படியெல்லாம் நடக்குமா என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள் பட்டா மாற்றவோ மின் இணைப்புக்கோ ஏதாவது ஓர் அலுவலகத்துக்குப் போய்வந்தால், முனிராஜ் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறான் என்று தெளியும். கடைசிப் பகுதி மட்டும் இன்றுவரை தொண்டையில் நிற்கிறது. ஆகவே அவன் சொன்ன வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்காவது ஒரு தெளிவு பிறக்கட்டும்.

ஓசூரைத் தாண்டி, கர்நாடக எல்லையை முதுகால் உரசிக்கொண்டு ஒரு தொழிற்பேட்டை. அதைப் பராமரிக்க ஓர் அலுவலகம். தெருவிளக்கு, சாக்கடை, குடிநீர்க் குழாய், வேலியோரத்துச் சீமைக்கருவேல மரங்கள் எல்லாம் அதன் ஆளுகைக்கு உட்பட்டவை. முனிராஜ் அங்கே கணினி இயக்குபவர். ஒப்பந்த வேலை. பதினோரு மாதத்துக்கு ஒருமுறை அவனை வேலையிலிருந்து நீக்கி, ஒரு நாள் வீட்டில் உட்காரவைத்து, மறுநாள் புதியவனாகச் சேர்த்துக்கொள்வார்கள். அந்த ஒரு நாள் சாமல்பட்டியில் அவன் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது.

அவன் மனைவி ரேவதிக்கு அதே பேட்டையில், செல்போன் பாகங்கள் பூட்டும் கம்பெனியில் வேலை. கோழி கூவுமுன் கம்பெனி பஸ் சாமல்பட்டிக்கு வந்து ஏற்றிக்கொள்ளும். ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை என்று வழியெல்லாம் பெண்களைப் பொறுக்கிக்கொண்டு வந்த இன்னொரு பஸ்ஸும் அதன் பின்னாலேயே ஓடும். விடியும்போது பேட்டை முனையில் எல்லாரையும் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். ஷிஃப்டு தொடங்கக் கொஞ்சம் முன்னால்தான் கம்பெனி கேட் திறக்கும். உள்ளே போனால் பை சோதனை, ஆள் சோதனை, தலைக்குத் தொப்பி, நேராக லைன். முதல் இடைவேளைவரை எழுந்திருக்கக் கூடாது. இந்த ஏற்பாட்டில் எல்லாவற்றுக்கும் நேரம் ஒதுக்கியிருந்தார்கள், சிறுநீருக்கு மட்டும் ஒதுக்கவில்லை. ஆகவே அந்தப் பெண்கள் முந்தின நாள் பொழுது சாய்ந்ததுமே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

அரசாங்கத்துக்கு இது தெரியாமல் இல்லை. பஸ் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை கட்டப்பட்டது. ஆறு அறை, ரோஜா நிற ஓடு, மேலே தண்ணீர்த் தொட்டி. கட்டி முடித்து ஒரு பூட்டுப் போட்டார்கள். கட்டுவதற்கு உத்தரவு இருந்தது. பாதுகாப்பு கருதிப் பூட்டுவதற்கும் உத்தரவு இருந்தது. திறப்பதற்கு உத்தரவு இல்லை. சாவி முனிராஜின் அலுவலகத்தில், கண்காணிப்பாளர் சரோஜம்மாள் நாற்காலிக்குப் பின்னால், ஓர் ஆணியில் தொங்கியது.

ரேவதிக்கு அடிவயிற்றில் வலி, குளிர் ஜுரம். ஊத்தங்கரையில் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்து அவள் பாயில் உட்கார்ந்தாள்.

"தண்ணி குடிக்காததால வந்ததாம். நெறைய குடிக்கணுமாம். குடிச்சுட்டு எங்க போறது மாமா? டாக்டரம்மா வூட்டுக்கா?"

"ஆபீஸ்ல கேக்கறன் ரேவதி."

"என்னாத்தக் கேக்கப் போற? சாவி உன் கண்ணு முன்னாலதான தொங்குது?"

"அது ஆபீஸ் சாவி."

"கக்கூஸ் சாவி."

"ஆபீஸ் ஆணியில தொங்கினா அது ஆபீஸ் சாவிதான்."

ரேவதி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி. இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பன். கதவு தொறக்கலன்னா வேலைய வுட்டுட்டு வூட்டோட உக்காந்துருவன். அப்புறம் வருஷத்துக்கு ஒரு நாள் வேலையில்லாத உன் சம்பளத்துல நீயே குடும்பத்த ஓட்டு."

ரேவதி சொன்னால் சொன்னதுதான் என்பது முனிராஜுக்குக் கல்யாணமான முதல் வாரத்திலேயே தெரியும்.

அந்த நேரம் பார்த்துத்தான் மேலாளர் அழகர்சாமி பெங்களூரில் மூன்று நாள் பயிற்சி முடித்துத் திரும்பினார். மதுரைப் பக்கத்து மனிதர். போகும்போது நம்மைப் போலத்தான் போனார். வரும்போது கழுத்தில் அட்டை தொங்கியது, தோளில் சணல் பை தொங்கியது, பேச்சில் நாலு வார்த்தைக்கு ஒரு வார்த்தை புரியாமல் போயிருந்தது. வந்ததும் 'காகிதமில்லா அலுவலகம்' என்று ஒரு பலகை செய்து வாசலில் மாட்டினார். பிறகு முனிராஜைக் கூப்பிட்டார்.

"ஏப்பா முனிராசு, இனிமே இந்த ஆபீசுல வாய்ப்பேச்சுக்கு எடமில்ல, பாத்துக்க. யாருக்கு என்ன வேணுமோ அத ஃபார்ம்ல போடணும். போட்ட மறுநிமிசம் சம்பந்தப்பட்டவுகளுக்குத் தானா மெயில் போயிரணும். மனுசன் கை படவே கூடாது."

"பண்ணிடலாம் சார்."

"ஒனக்கு அது தெரியுமா?"

"யூடியூப்ல பாத்து வெச்சிருக்கறன் சார்."

முனிராஜ் ஒரு வாரம் வேறு எதுவும் செய்யவில்லை. ஃபார்ம் தயார் செய்தான். அதை யாராவது நிரப்பி அனுப்பினால் உடனே மெயில் கிளம்பும்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதினான். முதல் தடவை சோதித்துப் பார்த்து, சட்டைப்பையில் செல்போன் கிர்ரென்று நடுங்கியபோது, அவன் உடம்பும் கூடவே நடுங்கியது. அருள் வந்தது மாதிரி இருந்தது என்றான். இந்த அலுவலகத்தில் ஒரு காரியம் கேட்ட உடனே நடந்தது அதுதான் முதல் தடவை.

முதல் ஃபார்முக்குக் 'கழிப்பறைத் திறப்புக் கோரிக்கை' என்று பெயர் வைத்தான். அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அவன் மனசு நிறைந்திருந்தது. சாவியை எடுத்துக் கொடுக்கத்தான் தன்னால் முடியாது. கேட்பதற்கு ஒரு நல்ல வழி செய்து கொடுத்தாயிற்று அல்லவா?

மறுநாள் விடியற்காலையில் ரேவதி கம்பெனி பஸ்ஸிலிருந்து போன் செய்தாள்.

"அவசரத்தின் தன்மைன்னு கேக்குது மாமா. சாதாரணம், அவசரம், மிக அவசரம்னு மூணு போட்டிருக்குது."

"மிக அவசரம் அமுக்கு."

"அமுக்கினன். காரணத்த அம்பது வார்த்தைக்குக் குறையாம எழுதுன்னு சொல்லுது."

"அது சார் சேக்கச் சொன்னது. எல்லாரும் சும்மா மிக அவசரம்னு அமுக்கிடுவாங்கன்னு."

"இதுக்கு ஒரே வார்த்ததான மாமா இருக்குது? அதையே அம்பது தடவ எழுதட்டுமா?"

"எண்ணிக்கை சரியா இருந்தா ஏத்துக்கும்."

எழுதினாள். அனுப்பினாள். அனுப்பிய மறுநொடி அவள் போனில் பதில் வந்தது: 'அன்புள்ள பயனாளரே, தங்கள் கோரிக்கை வெற்றிகரமாகப் பெறப்பட்டது. தங்கள் பொறுமைக்கு நன்றி. இது தானாக அனுப்பப்பட்ட அறிவிப்பு. இதற்குப் பதில் அனுப்ப வேண்டாம்.'

பஸ்ஸே கைதட்டியது. எழுதிப் போட்டதற்கு அரசாங்கத்திடமிருந்து பதில் வந்ததை அந்தப் பெண்களில் ஒருவரும் அதற்குமுன் கண்டதில்லை. அன்று மாலைக்குள் இரண்டு பஸ்ஸின் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் ஃபார்ம் போய்ச் சேர்ந்தது. எல்லாரும் நிரப்பினார்கள். எல்லாருக்கும் பொறுமைக்கு நன்றி வந்தது.

அலுவலகத்தில் மெயில் யாருக்குப் போக வேண்டும் என்று கேள்வி எழுந்தது. சுகாதாரப் பிரிவுக்கு அனுப்பினால் போதும் என்று முனிராஜ் நினைத்திருந்தான். அழகர்சாமி சிரித்தார்.

"அப்பாவியா இருக்கியேப்பா. ஒருத்தருக்கு மட்டும் அனுப்புனா என்னாகும்? அவரு பாட்டுக்குத் தொறந்து விட்டுருவாரு. நாளைக்குக் கரண்டுக்காரரு 'என்னயக் கேக்காம எப்பிடித் தொறந்தீக'ன்னு வருவாரு. தண்ணிக்காரரு வருவாரு. அக்கவுண்ட்ஸ் வரும். அம்புட்டுப் பேருக்கும் போகட்டும்."

அம்புட்டுப் பேருக்கும் போயிற்று. ஒவ்வொருவரும் மெயிலைத் திறந்து, அதில் மற்றவர்கள் பெயரும் இருப்பதைப் பார்த்து, நிம்மதியாக மூடினார்கள்.

கண்காணிப்பாளர் சரோஜம்மாள் மட்டும் மூடவில்லை. அவர் முப்பது வருஷ சர்வீஸில் தொட்டுப் பார்க்க முடியாத எதையும் நம்பியதில்லை. மெயிலை எல்லாம் அச்செடுத்து வரச் சொன்னார். எடுத்து வந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னாப்பா இது, கையெழுத்தே இல்ல?"

"அது தானா போற மெயில் மேடம். கையெழுத்து இருக்காது."

"தானா போச்சுன்னு யாரு சொல்றது?"

"நான்தான் மேடம் சொல்றன்."

"வாயில சொன்னா? எழுதிக் கையெழுத்துப் போடு."

அன்றுமுதல் ஒவ்வொரு மெயிலையும் முனிராஜ் அச்செடுத்தான். அடியில் 'மேற்படி அறிவிப்பு மனிதக் கை படாமல் தானாக அனுப்பப்பட்டது எனச் சான்றளிக்கிறேன்' என்று கையால் எழுதினான். கையெழுத்துப் போட்டான். அலுவலக உதவியாளர் கங்கப்பன் அதற்கு முத்திரை குத்தினார். இரண்டு பஸ் பெண்களும் தினம் அனுப்பினார்கள். முனிராஜின் விரல் காய்த்துப்போயிற்று. அலுவலகத்தில் ஜன்னல் மறையும் அளவுக்குத் தாள் ஏறியது.

அழகர்சாமிக்குக் கோபம் வந்தது. "வாசல்ல காகிதமில்லா அலுவலகம்னு போர்டு தொங்குது. அதுக்குள்ள இம்புட்டுக் காகிதமா? கங்கப்பா, நாளையிலருந்து ஒரு தாளு என் கண்ணுல படக்கூடாது."

"ஆயித்து சார்," என்றார் கங்கப்பன். அவர் எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்துக்காரர். எந்த வேலை சொன்னாலும் அதைத் தொடங்குவதற்கு முன்பே ஆகிவிட்டது என்று கன்னடத்தில் சொல்லிவிடுவார். ஆனால் இந்த முறை உண்மையாகவே ஆகிவிட்டது. மறுநாள் காலையில் அலுவலகத்தில் ஒரு தாள் இல்லை. எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. ஒரு வேலை முடிந்துவிட்டால் அது எப்படி முடிந்தது என்று கேட்பது அலுவலக நாகரிகம் அல்ல.

அடுத்த சிக்கலைக் கிளப்பியதும் சரோஜம்மாள்தான். முனிராஜின் கணக்கிலிருந்து ஸ்கிரிப்ட் ஓடியதால் ஒவ்வொரு மெயிலிலும் அனுப்புநர் இடத்தில் முனிராஜ் பெயர் இருந்தது. கதவு திறக்கும்வரை தினம் ஒரு நினைவூட்டலும் போய்க்கொண்டிருந்தது.

"நீ ஒப்பந்த ஊழியர்," என்றார் சரோஜம்மாள். "எனக்கே, 'இக்கோரிக்கை தங்கள் பார்வையில் நிலுவையில் உள்ளது'ன்னு எழுதற. மேனேஜருக்கும் எழுதற. நானே அவருக்கு நேரா எழுத மாட்டன், பைல் மூலமாத்தான் போவன்."

"நான் எழுதலைங்க மேடம். ஸ்கிரிப்ட் எழுதுது."

"ஸ்கிரிப்ட் என்னா கிரேடு?"

இந்த வினாவின் ஆழம் அழகர்சாமிக்கு உடனே விளங்கிற்று. கூட்டம் கூட்டினார். டீ, போண்டாவுடன் விவாதித்து ஆணை பிறப்பிக்கப்பட்டது: 'நிர்வாக நலன் கருதி, மேற்படி நிரலுக்கு, இளநிலை உதவியாளருக்கு மேலும் உதவியாளருக்குக் கீழும் அமையும் நிலையில், தானியங்கு அறிவிப்பாளர் (பொறுப்பு) என்னும் பதவி இதன்மூலம் வழங்கப்படுகிறது.'

பதவி என்று வந்துவிட்டால் வருகைப் பதிவேட்டில் பெயர் வேண்டும். பெயர் எழுதினார்கள். எதிரே தினமும் முனிராஜ் 'சார்பாக' என்று கையெழுத்திட்டான். விடுமுறை வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் மெயில் போகாதபடி ஸ்கிரிப்டைத் திருத்தினான். ஒரு நாளைக்கு இத்தனை மெயில்தான் அனுப்பலாம் என்று அந்த மெயில் கம்பெனிக்கு ஒரு வரம்பு இருந்தது. பஸ் பெண்கள் புண்ணியத்தில் அந்த வரம்பு மதியத்துக்குள் தீர்ந்துவிடும். அப்போது சரோஜம்மாள் பதிவேட்டில் அறிவிப்பாளர் பெயருக்கு நேரே 'பிற்பகல் அனுமதி விடுப்பு' என்று சிவப்பு மையில் எழுதுவார்.

பொறுப்பான ஓர் அதிகாரி கிடைத்ததும் மற்றவர்கள் பாரம் இறங்கியது. கதவைத் திறப்பது குறித்து எல்லாப் பிரிவுகளும் 'உரிய அலுவலரின் முடிவுக்கு' என்று பதில் அனுப்பியிருந்தன. உரிய அலுவலர் யார்? ஒருவர் விடுப்பில், ஒருவர் மாற்றலில், ஒருவர் இதோ வந்துவிடுகிறேன் என்று வெளியே போயிருந்தார். காலையில் தவறாமல் இருக்கையில் இருந்தவர் தானியங்கு அறிவிப்பாளர் ஒருவரே. கழிப்பறைச் சாவியை வழங்கும் அதிகாரம் அவருக்கே அளிக்கப்பட்டது. சாவி அவர் பொறுப்பில் இருப்பதாகச் சொத்துப் பதிவேட்டில் ஏறியது.

முனிராஜ் தயங்கித் தயங்கி அழகர்சாமி முன்னால் போய் நின்றான்.

"சார், அதுக்குக் கை கிடையாது. சாவிய நானே எடுத்துக் குடுத்துடட்டுங்களா?"

அழகர்சாமி அவனை இரக்கத்தோடு பார்த்தார். "ஏப்பா, மனுசன் கை படக்கூடாதுன்னு சொல்லித்தான இம்புட்டையும் ஆரம்பிச்சோம்? கடைசியில வந்து கைய நீட்டுறியே."

அன்று இரவு ரேவதிக்கு மறுபடி ஜுரம்.

"இன்னிக்கு என்னா ஆச்சு?"

"சாவிய ஸ்கிரிப்ட் பேருக்கு மாத்திட்டாங்க."

"அது எப்படிக் குடுக்கும்?"

"அதத்தான் யோசிக்கறாங்க."

"நீ யோசிக்கல?"

முனிராஜ் யோசிக்காமல் இல்லை. எட்டிக் கையை நீட்டினால் சாவி. அதை அவன் தினமும் பார்த்தான். சில நாள் சாயங்காலம் ஆணி காலியாக இருந்ததையும், காலையில் சாவி திரும்ப வந்து தொங்கியதையும்கூடப் பார்த்தான். யாரையும் கேட்கவில்லை. அவனுடைய பதினோரு மாதம் முடியும் தறுவாயில் இருந்தது. சேர்த்துக்கொள்கிறவர் அழகர்சாமி.

மாதக் கடைசி நெருங்கியது. அழகர்சாமி மேலிடத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். திரையில் எல்லாக் கோரிக்கைக்கும் எதிரே 'நிலுவை' என்று இருந்தது அவர் கண்ணை உறுத்தியது.

"அறிவிப்பு போச்சா இல்லையா?"

"போச்சு சார்."

"அப்ப ஸ்கிரிப்டோட வேல முடிஞ்சிருச்சா இல்லையா?"

"அதோட வேலை முடிஞ்சது சார், ஆனா கதவு..."

"கதவப் பத்தி நான் கேட்டனா? முடிஞ்சதுன்னு போடு. நல்ல விசயத்தச் சொல்றதுக்கு ஏன்ப்பா இம்புட்டு யோசன?"

முனிராஜ் ஸ்கிரிப்டில் இன்னும் இரண்டு வரி சேர்த்தான். மறுநாள் விடியலில், பூட்டிய கதவுக்கு எதிரே நின்ற ரேவதிக்கு மெயில் வந்தது: 'தங்கள் கோரிக்கை நிறைவேற்றப்பட்டது. எங்கள் சேவைக்கு நட்சத்திரம் அளியுங்கள்.'

ரேவதி பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு நட்சத்திரத்தை அமுக்கினாள். 'குறைவான மதிப்பீட்டுக்கான காரணத்தை ஐம்பது வார்த்தைக்குக் குறையாமல் எழுதவும்' என்று வந்தது. கேட் திறக்கும் நேரம். பக்கத்தில் நின்ற பெண் ஐந்து நட்சத்திரத்தை அமுக்கிக் காட்டினாள். காரணம் கேட்கவில்லை, 'நன்றி' என்று மட்டும் வந்தது. இரண்டு பஸ் பெண்களும் ஐந்தை அமுக்கிவிட்டு ஓடினார்கள்.

இப்படியாக அந்த அலுவலகம் மாநிலத்திலேயே மிகுந்த மக்கள் மனநிறைவு பெற்ற அலுவலகமாக மலர்ந்தது. அதற்கான கேடயத்தைத் தருவதற்குமுன் நேரில் ஆய்வு செய்யச் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி அம்மையார் வருவதாகத் தகவல் வந்தது. அவர் வந்தது மாதத்தின் கடைசி நாள். ரேவதி அன்று காலை கிளம்பும்போதே ராஜினாமாக் கடிதத்தை எழுதிப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். ஷிஃப்டு முடிந்ததும் கொடுப்பதாகத் திட்டம்.

அம்மையார் காரில் நெடுந்தூரம் வந்திருந்தார். வழியெல்லாம் இளநீரும் மோரும் கொடுத்து உபசரித்திருந்தார்கள். அலுவலகத்தைச் சுற்றிப் பார்த்தார். மேஜை, அலமாரி, இழுப்பறை எதிலும் தாள் இல்லை. "அற்புதம்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வாஷ்ரூம் எங்கே?" என்று சரோஜம்மாளைக் கேட்டார்.

அலுவலகக் கழிப்பறையில் குழாய் உடைந்து, பழுது பார்க்கும் கோரிக்கை நிறைவேற்றப்பட்டு நாளாகியிருந்தது. அதாவது, குழாய் உடைந்தபடியே இருந்தது. எல்லாரும் அம்மையாரை அழைத்துக்கொண்டு பேட்டை முனைக்கு நடந்தார்கள். ஷிஃப்டு விட்டு வந்த பெண்கள் பஸ்ஸுக்காக அங்கே கூடியிருந்தார்கள். ரேவதியும் இருந்தாள். கடிதத்தை வாங்க வேண்டிய அதிகாரி அன்று விடுப்பு.

"அழகான கட்டடம்," என்றார் அம்மையார். "திறங்க."

அழகர்சாமி வியர்வையைத் துடைத்தார். "மேடம், நம்ம சிஸ்டத்தையே ஒருக்கா நேர்ல பாத்துருங்களேன். ஒரு சின்ன ஃபார்ம்தான்."

அம்மையாருக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. சிரித்தபடியே நிரப்பினார். மிக அவசரம் என்று அமுக்கினார். ஐம்பது வார்த்தை கேட்டதும் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. அதையும் எழுதினார். பொறுமைக்கு நன்றி வந்தது. பின்னாலேயே 'தங்கள் கோரிக்கை நிறைவேற்றப்பட்டது' என்றும் வந்தது. அம்மையார் கதவைப் பார்த்தார். கதவு பூட்டியிருந்தது. இப்போது அவர் சிரிக்கவில்லை. காலை மாற்றி நின்றார்.

"சாவி யாரிடம் இருக்கிறது?"

"தானியங்கு அறிவிப்பாளர்கிட்ட மேடம்," என்றார் சரோஜம்மாள்.

"அவரைக் கூப்பிடுங்கள்!"

எல்லாரும் முனிராஜைப் பார்த்தார்கள். அப்போது கங்கப்பன் தன் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். "நன்ஹத்ர இதே மேடம்," என்று, என்னிடம் இருக்கிறது என்பதைக் கன்னடத்தில் சொல்லிக்கொண்டே போய்க் கதவைத் திறந்தார்.

கதவு திறந்ததும் தாள்கள் சரிந்தன. முதலில் ஒரு கட்டு, பிறகு ஒரு சுவர். ஆறு அறையிலும் கூரைவரை அடுக்கியிருந்த தாள்கள் அம்மையாரின் செருப்பை மூடி, முழங்காலைத் தொட்டன. அவர் ஒன்றை எடுத்துப் படித்தார். கழிப்பறையைத் திறக்கக் கோரும் கோரிக்கை. காரணம் என்ற இடத்தில் ஒரே வார்த்தை ஐம்பது தடவை. அடியில் மனிதக் கை படவில்லை என்று முனிராஜின் கையெழுத்து.

"என்ன இது?"

"காகிதம் கண்ணுல படக்கூடாதுன்னு சார் சொன்னாங்க," என்றார் கங்கப்பன் பெருமையாக. "தினம் சாயங்காலம் தொறந்து உள்ள வெச்சுட்டுப் பூட்டிடுவன் மேடம்."

"தினமும் இந்தக் கதவைத் திறந்தீர்களா?"

"தினம் மேடம். ஒரு நாள் தப்பல."

பஸ் நிறுத்தத்தில் முதலில் சிரித்தது ரேவதிதான். பிறகு இரண்டு பஸ் பெண்களும் சிரித்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம்டீ வலிக்குதுடீ என்று சிரித்தார்கள். முனிராஜ் நிமிரவில்லை. வேலை போய்விடும் என்பது அவனுக்கு அப்போது பெரிதாகத் தெரியவில்லை. அந்தச் சிரிப்பில் அவள் குரல் தனியாகக் கேட்டதுதான் பெரிதாகத் தெரிந்தது.

அம்மையாருக்கு விசாரணை நடத்த நேரம் இல்லை. எல்லையைத் தாண்டினால் கர்நாடகத்தில் ஒரு பெட்ரோல் பங்க் உண்டு என்று டிரைவர் சொன்னார். அம்மையார் காரில் ஏறினார்.

"மேடம், மாநில எல்லை தாண்டணும்னா முன் அனுமதி..." என்று ஆரம்பித்தார் அழகர்சாமி.

"அனுமதிய அப்புறமா பின்னேற்பா வாங்கிக்கலாம் சார்!" என்று சரோஜம்மாள் கத்தினார். முப்பது வருஷ சர்வீஸில் அவர் உடனடியாக எடுத்த ஒரே முடிவு அது. "நீங்க போங்க மேடம், போங்க!"

திரும்பி வந்தபோது அம்மையாரின் முகம் தெளிந்திருந்தது. தெளிந்த முகத்தோடு அறிக்கை எழுதினார். அலுவலகத்துக்குள் காகிதம் இல்லை என்பது நேரில் காணப்பட்டது. கழிப்பறைக் கதவு திறந்திருப்பதும் நேரில் காணப்பட்டது. இரண்டுமே உண்மை. கேடயம் வந்தது. அழகர்சாமி அதே பயிற்சியை மற்றவர்களுக்கு அளிக்கப் பெங்களூருக்கே போனார். முனிராஜை ஒரு நாள் வீட்டில் உட்காரவைத்து மறுநாள் சேர்த்துக்கொண்டார்கள். தாளையெல்லாம் பழைய பேப்பர்காரர் இரண்டு லாரியில் ஏற்றிப் போனார். கழிப்பறை, பயனாளர் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. மிக அதிகமான கோரிக்கைகளை அனுப்பியவர் என்ற முறையில் குழுத் தலைவி ரேவதி. சாவி அவள் கைக்கு வந்தது. கடிதத்தைக் கிழித்துப் போட்டாள். ஒரு செம்புத் தண்ணீரை நின்றபடியே மடக் மடக்கென்று குடித்தாள். ஜுரம் போயிற்று.

இதுவரை சொன்னதில் எனக்கு இப்போது சந்தேகம் இல்லை. இதற்குமேல் முனிராஜ் சொன்னதைத்தான் நம்ப முடியாமல் இத்தனை வருஷம் புரண்டு படுத்தேன்.

திறந்த மூன்றாவது நாள் ஒரு குழாயைக் காணவில்லை. நாலாவது நாள் வாளி போயிற்று. வேறு கம்பெனிப் பெண்களும் வந்து போகிறார்கள், சுத்தமே இல்லை என்று குழுவில் பேச்சு. ரேவதி புதுப் பூட்டு ஒன்று வாங்கிப் போட்டாள். யார் வருகிறார்கள் என்று தெரிந்தால்தானே சாவி கொடுக்கலாம்?

"மாமா, எனக்கு ஒரு ஃபார்ம் பண்ணிக் குடு," என்றாள்.

"உனக்கா?"

"ஆமா. பேரு, கம்பெனி, எந்த பஸ்ஸு. முந்தின நாளே போட்டுடணும். எனக்கு மெயில் வரணும். நான் சரின்னு அமுக்கினா அவங்களுக்கு மெயில் போவணும். ஆளாளுக்கு வந்து கைய நீட்டினா நான் என்னா பண்றது?"

"அவசரம்னு வந்தா?"

"அவசரம்னா எல்லாரும் சொல்லுவாங்க மாமா."

அவன் எழுதிக் கொடுத்தான். நன்றாகவே வேலை செய்தது. கழிப்பறை பளிங்குபோல் இருந்தது. அதைப் பார்க்கவென்றே ஒரு நாள் விடியலில் அவனும் கம்பெனி பஸ்ஸில் கூட வந்தான். சிங்காரப்பேட்டை பஸ்ஸிலிருந்து புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் இறங்கி, ஓட்டமும் நடையுமாக வந்தாள். கையில் பட்டன் போன்.

"அக்கா, சாவி."

"நேத்தே ஃபார்ம் போட்டீங்களா?" என்றாள் ரேவதி.

"எந்த ஃபார்ம்க்கா? எனக்குத் தெரியாதே."

"போட்டிருந்தா மெயில் வந்திருக்குமே. வரலியே. கொஞ்சம் பொறுத்துக்கோங்க, நாளைக்குப் பாக்கலாம்."

அந்தப் பெண் பூட்டைப் பார்த்தாள், ரேவதியைப் பார்த்தாள், பக்கத்தில் நின்ற முனிராஜைப் பார்த்தாள். கேட் திறக்க இன்னும் நேரம் இருந்தது. அந்த இடத்தில் முனிராஜ் எப்போதும் கதையை நிறுத்திவிட்டு, ஃபார்ம் எவ்வளவு நன்றாக ஓடுகிறது என்று சொல்ல ஆரம்பித்துவிடுவான். நானும் தலையாட்டிக்கொண்டு கேட்பேன். போன மாதம் ஊத்தங்கரை பஸ் நிலையத்தில் அவனைப் பார்த்தபோது, அவன் ஆரம்பிப்பதற்கு முன்பே கையைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன்.

"அதெல்லாம் இருக்கட்டும்ப்பா. அன்னிக்கு அந்தப் பொண்ணு எங்க போச்சு?"